கேள்வி கேட்காத போத்தல்

எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷில் எது வந்தாலும் அதை வாசிப்பது என் வேலை. கரண்ட் பில், கிருமிநாசினி டின், மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய மிக்ஸியோடு வந்த சின்னப் புத்தகம்... குடும்பத்தில் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் என்பதால் கிடைத்த பதவி. வாப்பா ஹோலில் இருந்தபடியே சத்தமாகக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பமும்.

அண்மையில் ஒரு நாள் அப்படிக் கூப்பிடவில்லை. டிரக்டர் நிற்கிற கொட்டிலுக்குப் பின்னால் வரச் சொன்னார். சாரத்தின் மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்துத் தந்தார்.

"மகன், இது எப்ப வேல செய்யத் தொடங்கும் எண்டு போட்டிரிக்கா, பாரு."

வாசித்தேன். ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பிக்கும் பொதுவான உடல்நலத்துக்கும் உகந்த இயற்கை கெப்சியூல். அந்தச் சுரப்பியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. பெயரில்லாத ஒன்றைப் பற்றி வாப்பாவிடம் எப்படிக் கதைப்பது?

"சலம் போறதுல கரச்சலா வாப்பா?"

அவர் டிரக்டர் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போகுது. போய்க்கிட்டே இரிக்கி. அதுதான் கரச்சல்."

அப்போதுதான் வீட்டில் சில நாட்களாக நடந்துகொண்டிருந்த ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. வாப்பாவும் உம்மாவும் உம்ராவுக்கு மக்கா போக ஆயத்தமாகி இருந்தார்கள். நெல் விற்ற கையோடு வாப்பாதான் பேர் கொடுத்தார். உம்மா வெள்ளை உடுப்புத் தைத்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டா. திடீரென்று ஒரு நாள் காலை வாப்பா, "அடுத்த வருஷம் பாப்பம்" என்றார். காரணம் சொல்லவில்லை.

உம்மா என்னிடம் வந்து அழுதா. "நான் என்ன பிழ செஞ்சன் மகன்? கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறார்."

பிழை உம்மாவில் இல்லை. வாப்பாவுக்கு ஒழு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி எடுக்கிற சுத்தம், நிற்கவில்லை. சிறுநீர் சொட்டினால் ஒழு முறிந்துவிடும். "அத்தின சனத்துக்குள்ள, கஃபாவச் சுத்திக்கிட்டு இரிக்கக்குள்ள முறிஞ்சா நான் எங்க ஓடுற?" என்று டயரைப் பார்த்தபடியே கேட்டார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வராது.

போத்தலை அறைக்குக் கொண்டுபோய், உள்ளே என்னதான் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். சுவாரசியமான சமாச்சாரம். முதல் சரக்கு அமெரிக்காவில் வளரும் ஒரு குட்டைப் பனையின் பழம். படத்தில் பார்த்தால் நம் பக்கத்து ஈச்சம்பற்றைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கிறது. காம்பு முழுக்க வாள் பற்கள். இரண்டாவது பூசணி விதை. உம்மா ஒவ்வொரு முறையும் கறிக்கு வெட்டும்போது கோழிகளுக்குக் கொட்டுகிற அதே விதை. எங்கள் கோழிகளுக்கு இந்த வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை... ஆனால் அதை ஆதாரமாக எடுக்க முடியாதே.

வேலை செய்யுமா? தேடத் தேட இரண்டு விதமான பதில் வந்தது. விற்கிறவர்கள் எல்லாரும் ஓம் என்கிறார்கள். கவனமாகப் பரிசோதித்தவர்களோ, அந்தப் பனம்பழத்துக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை என்கிறார்கள். பூசணி விதையில் சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கலாம் — அதற்குமேல் யாரும் உறுதியாகச் சொல்லக் காணோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வாப்பாவோடு போனேன். முன் சஃப்பில் இடம் பிடிக்கிற மனிதர், கடைசி சஃப்பில் கதவோரம் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில். இமாம் "முன்னுக்கு எடமிரிக்கி, நெருங்கி வாங்க" என்றார். எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லாம் வாப்பாவின் வயது. எல்லாருடைய கண்ணும் கதவில்.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும்போது கலீல் மாமா கிட்ட வந்தார். வாப்பாவின் கூட்டாளி, ஹார்ட்வெயார் கடைக்காரர். குரலைத் தாழ்த்தினார்.

"முடிஞ்சிட்டா, இன்னொண்டு தரட்டா?"

"இது நீங்க குடுத்ததா மாமா?"

"என்ட மகன் வெளிநாட்டுல இரிந்து அனுப்புற. இஞ்ச பாதிப் பேருக்கு நான்தான் சப்ளை" என்றார், கொஞ்சம் பெருமையோடு.

"உங்களுக்குச் சுகமா?"

"கொறஞ்ச மாதிரியும் இரிக்கி. கொறயாத மாதிரியும் இரிக்கி."

"டொக்டருக்குக் காட்டினீங்களா?"

"ஆஸ்பத்திரில நம்பர எடுத்துட்டு வாங்குல குந்திக்கிட்டு இரிக்கக்குள்ள நாலு பேர் வந்து, என்ன வருத்தம் எண்டு கேப்பான். என்னத்தச் செல்ற? போத்தல் ஒண்டும் கேக்காது, தம்பி."

ஒரு வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேள்வி கேட்காததுதான் இந்தப் போத்தல்களின் முதல் மருத்துவ குணம். விலையில் பாதி அதற்கே போகிறது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தா. வாப்பா தொடவில்லை. நல்ல வெயில், காலையில் வயலுக்கும் போய் வந்தவர். ஏன் என்றேன்.

"அஸரும் முடியட்டும்."

கேட்டுக் கேட்டு வாங்கியதில் விஷயம் வெளியே வந்தது. ஒழு நிற்க வேண்டும் என்பதற்காக, விடிகாலை சுபஹ் தொழுகையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. நோன்பு இல்லாத காலத்தில் பாதி நோன்பு. "குடிச்சாத்தானே சலம் வரும்" என்றார். கணக்குச் சரிதான்... ஆனால் வரவரக் கடுப்பும் எரிவும் கூடியிருக்கிறது. அதற்கு ஒரு கெப்சியூல் போதாதென்று இரண்டாகப் போட்டிருக்கிறார்.

எனக்குப் பயம் பிடித்தது. போத்தலை எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். "வாப்பா, இது எந்த நோயையும் சுகமாக்குறதுக்கு இல்ல எண்டு இதுலயே போட்டிரிக்கி."

"விக்கிறவனே அப்பிடிப் போடுவானா? மறுகா வாசி."

மறுபடியும் வாசித்தேன். போத்தலை வாங்கித் தானும் உற்றுப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்துத் தெரியாது. மூடியை இறுக்கி என்னிடமே திருப்பித் தந்தார்.

"அப்ப நாளைக்குப் போவம். உம்மாவுக்கு, பல்லுக்குக் காட்டப் போறம் எண்டு செல்லு."

கல்முனையில் டொக்டர் முதலில் கேட்டது, "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" வாப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னார். டொக்டர் ஏசவில்லை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கடுமையாகி எரிச்சல் கூடும், கிருமி தொற்றவும் வழியாகும் என்றார். பிறகு, "வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?" இதயத்துக்கு அஸ்பிரின் என்றார் வாப்பா. நான் போத்தலை மேசையில் வைத்தேன். "அப்ப இந்தக் கெப்சியூல நிப்பாட்டுங்க. ரெண்டும் சேர்ந்தா ரத்தக் கசிவு வரலாம். இயற்கையெண்டாலும் உள்ள போனா மருந்துதானே?"

"பூசணி விதை?" என்றேன்.

"வறுத்துத் தின்னுங்க. ருசியா இரிக்கும்."

சிறுநீர், இரத்தம், ஸ்கேன். முடிவு வரும்வரை வாப்பா வயலுக்குப் போகவில்லை. நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை — வயதோடு வருகிற வீக்கம், கொஞ்சம் தொற்று. இரண்டுக்கும் மாத்திரை. அல்ஹம்துலில்லாஹ்.

ஒழுவைப் பற்றி மௌலவியிடம் அவரே போய்க் கேட்டார். இப்படிச் சிறுநீர் நிற்காதவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒழு எடுத்துத் தொழலாம் என்றாராம். மருத்துவத்திலும் வழி இருந்தது. மார்க்கத்திலும் வழி இருந்தது. இரண்டையும் வாய் திறந்து கேட்க வேண்டி இருந்தது, அவ்வளவுதான். உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "இதுக்கா என்னோட கதைக்காம இரிந்த?" என்று உம்மா இன்னொரு முறை அழுதா.

பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத வாப்பா சம்மதித்தார். என் வாப்பா யாரென்று தெரியாதவர் ஊரில் யார்?

நேற்று டிக்கட் உறுதிப்படுத்த டிரவல்ஸ் கடைக்குப் போனோம். நல்ல கூட்டம். கவுன்டரில் இருந்த பையன், சீட் எங்கே வேண்டும் என்று கேட்டான்.

"டொய்லட்டுக்குக் கிட்ட போடுங்க தம்பி. எனக்கு அடிக்கடி சலம் போகும்" என்றார் வாப்பா, ஹோலிலிருந்து என்னைக் கூப்பிடுகிற அதே குரலில். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டா.

பின்னால் நின்ற, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கவுன்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். "எனக்கு அதுக்குப் பக்கத்துச் சீட்டப் போடுங்க."