சனிக்கிழமை வைன் பஸ்

குடிக்கத் தெரிந்தவர்களைக் குடிக்கத் தெரியாத ஒருத்தி கூட்டிக்கொண்டு போய், எதைக் குடிக்கலாம் என்று எடுத்துச் சொல்வதுதான் நான் பார்த்த வேலை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த என்னை இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்கவில்லை. ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பனி எடுத்தது.

சனிக்கிழமைகளில் சிட்னியிலிருந்து வடக்கே ஹன்ரர் பள்ளத்தாக்குக்கு அவர்களுடைய பஸ் போகும். அங்கே வைன் செய்கிற தோட்டங்களில் இறங்கி ருசி பார்ப்பது, மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவது, பொழுதுபடும்போது திரும்பி வருவது. பஸ்ஸின் முன்னுக்கு நின்று மைக்கில் விளக்கம் சொல்ல வேண்டியது நான். சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார் முதலாளி. ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியாத வேலையைத் தெரிந்த முகத்தோடு செய்து பிழைத்தவர்கள் இதை வாசிப்பீர்களானால், என் நிலைமையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஈரமான வைன்

கம்பனி தந்த தாளில், முதல் தோட்டத்து வெள்ளை வைன் 'மிகவும் ட்ரை' என்று போட்டிருந்தது. ட்ரை என்றால் காய்ந்தது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். போத்தலுக்குள் இருக்கிற ஒன்று எப்படிக் காய்ந்திருக்கும்? அச்சுப்பிழை என்று முடிவெடுத்து, மைக்கில் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். ஆனால் பின் இருக்கையில் இருந்த ஒருவர், அது ட்ரையா இனிப்பா என்று கேட்டார். யோசிக்க நேரம் இல்லை. ஈரமானதுதான் என்று பணிவாகச் சொன்னேன். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

சாரதியின் பெயர் கென். பருத்த உடம்பு, அதிகம் பேசாத மனிதர். எல்லாப் பெண்களையும் 'லவ்' என்று கூப்பிடுவது அவருடைய வழக்கம். அது தெரியாமல் முதல் நாள் நான் அவரிடமிருந்து இரண்டு கதிரை தள்ளியே இருந்தேன். தோட்டத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "இனிப்பில்லாததைத்தான் இங்கே ட்ரை என்கிறது, லவ். ஆனால் நீ சொன்னதிலும் பிழை இல்லை."

மிஸ்டர் பயோ

அதே தாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரே, கடையின் பெயரை அடுத்து, பி, வை, ஓ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. பயோ என்று சேர்த்து வாசித்தேன். இத்தாலிக்காரர் பலர் அந்தப் பக்கத்தில் கடை வைத்திருந்ததால், கடைக்காரரின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். 'இன்று மத்தியானம் மிஸ்டர் பயோ உங்களை வரவேற்பார்' என்று மைக்கில் சொல்வேன். ஒவ்வொரு கிழமையும் பெரிய கைதட்டல் கிடைத்தது. அவ்வளவு பேருக்கும் பிடித்த மனிதர் எப்படி இருப்பாரோ என்று நானும் தேடுவேன். குசினியில் சமைத்தபடி ஒரு பெண்மணி மட்டும்தான் எப்போதும் நிற்பார்.

ஒருநாள் அவரிடமே போய், மிஸ்டர் பயோவைக் கண்டு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அந்த நாளில் பல கடைகளுக்கு மது விற்க அனுமதி இல்லை. உங்கள் போத்தலை நீங்களே கொண்டு வாருங்கள் என்பதைத்தான் அந்த மூன்று எழுத்தில் சுருக்கியிருந்தார்கள். இது எனக்குத் தெரியாது என்பதை விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, சிரிக்காமலே சொன்னார்: "அவர் இங்கே இல்லையே. உன்னுடைய பஸ்ஸிலேதான் வருவார், மடியில் போத்தலோடு."

துப்பியவர்

நாங்கள் வழக்கமாகப் போகிற தோட்டம் ஆர்தர் என்ற வயதானவருடையது. தகரக் கூரை போட்ட கொட்டிலுக்குள் பீப்பாய்களுக்கு முன்னால் நின்று அவரே எல்லாருக்கும் வார்த்துக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை, கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிய ஒருவர் அவர் கொடுத்த வைனை வாயில் வைத்து, கொப்பளித்து, மூலையில் இருந்த வாளியில் துப்பினார். அடுத்ததையும் துப்பினார். எல்லாவற்றையும் துப்பினார். மற்றவர்கள் அருமை, அற்புதம் என்று குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே துப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? நான் கூட்டி வந்த மனிதர் அல்லவா.

எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து, ஆர்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஆளைக் கம்பனியிடம் சொல்லி இனி ஏற்றாமல் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். ஆர்தர் வாளியைக் காட்டினார். "வைன் தெரிந்தவர்கள் துப்பித்தான் ருசி பார்ப்பார்கள். அவரைக் கட்டாயம் கூட்டி வா. துப்பினவர் பெட்டி பெட்டியாக வாங்கினார். அற்புதம் என்றவர்கள் கழிவறை எங்கே என்று கேட்டார்கள்."

பகிடி

முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். என்னை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று கென் காதோடு சொன்னார். கணவருக்குக் கிடைத்த உதவிப்பணம் வாடகையோடு முடிந்துவிடும். அதனால் அன்று தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். ஆர்தரின் கொட்டிலில் ஒரு பெண் பயணி, இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார். முதலாளி பக்கத்தில் நின்றார். தாளில் அதற்குப் பதில் இல்லை.

பொய் சொல்ல முயன்றேன். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. கடைசியில், என் வாழ்நாளில் ஒரு துளியும் குடித்ததில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கொட்டில் அதிரச் சிரிப்பு. கேட்ட பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உண்மையாகத்தான் என்று சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடிக்கொண்டே போனது. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். முதலாளி என் தோளில் தட்டினார். "நல்ல பகிடி. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்."

கென்னின் கிளாஸ்

கென் எந்தக் கொட்டிலுக்குள்ளும் வரமாட்டார். மர நிழலில் பிளாஸ்க்கில் கொண்டு வந்த தேத்தண்ணீரோடு இருப்பார். வெயில் கொளுத்திய ஒரு நாள், எல்லாரும் உள்ளே கூத்தடிக்க இந்த மனிதர் தனியாக இருக்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பஸ் ஓட்டுகிறவர்தான், ஆனாலும் ஒரு வாய் குடித்தால் என்ன என்று, ஒரு கிளாஸில் கொஞ்சமாக வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு ஒரு துளி மிச்சமில்லாமல் மரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, நன்றி சொல்லிக் கிளாஸைத் திருப்பித் தந்தார். அவமதித்துவிட்டார் என்று நினைத்து, சிட்னி வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் எனக்கும் ஒரு கோப்பை கொண்டு வந்திருந்தார். தேத்தண்ணீர் வார்த்துத் தந்துவிட்டு, குடியால் தன் மனைவியும் மகளும் பிரிந்து போனதைச் சொன்னார். குடியை விட்டபிறகும் அவர்கள் திரும்பி வரவில்லையாம். அப்படியானால் ஊரில் எத்தனையோ பஸ் இருக்க இந்தப் பஸ்ஸை ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் திராட்சைக் கொடிகளைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்டிலே இருந்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பயம், லவ். இங்கே என்றால் அது எங்கே நிற்கிறது என்று தெரியும்."

முந்திரிகைச் சாறு

அப்போது சிட்னியில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டூங்கபி என்ற புறநகரில் சிவஞானம் அங்கிள் வீட்டில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூசை நடக்கும். அவர் தேவாரம் பாடத் தொடங்கினால் ஒருவரும் அசையமாட்டோம். நான் சுற்றுலாக் கம்பனியில் வேலை என்று மட்டும்தான் அங்கே சொல்லியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, ஒரு கந்தோரில் வேலை செய்கிற ஆட்கள் ஓய்வு பெறுகிற தங்கள் மனேச்சரோடு பஸ்ஸில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர், அதே கந்தோரில் வேலை பார்த்த சிவஞானம் அங்கிள். நெற்றியில் காலைத் திருநீறு அழியாமல் இருந்தது. அவர் மைக்கைப் பார்த்தார். நான் திருநீற்றைப் பார்த்தேன். இரண்டு பேரும் குட்மோர்னிங் சொல்லிக்கொண்டோம்.

ஆர்தரின் கொட்டிலில் மனேச்சர் எல்லார் கையிலும் சிவப்பு வைனைக் கொடுத்து, தன்னை வாழ்த்திக் குடிக்கச் சொன்னார். கந்தோர் முழுவதும் கிளாஸை உயர்த்திக்கொண்டு அங்கிளுக்காகக் காத்து நின்றது. அவர் என் பக்கம் திரும்பித் தமிழில், "பிள்ளை, இது முந்திரிகைச் சாறுதானே?" என்று கேட்டார். திராட்சையை ஊரில் நாங்கள் முந்திரிகை என்போம். இல்லை என்றால் மனேச்சருக்கு முன்னால் அவர் கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். ஓம் என்றால் பெரியவருக்குப் பொய் சொன்னவளாவேன். "முந்திரிகையிலதான் செய்தது, அங்கிள்" என்றேன். குடித்தார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். திரும்பி வரும்போது பின் இருக்கையிலிருந்து அவருடைய சிரிப்புக் கேட்டபடி இருந்தது. அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த பூசைக்கு முதல் நாள் அவருடைய மனைவி, எங்களுக்கு அன்ரி, தொலைபேசியில் கூப்பிட்டார். நான் கூட்டிப்போன இடத்துச் சாறு வெகு நல்லது என்று அங்கிள் சொன்னாராம், அதில் இரண்டு போத்தல் சாமிக்குப் படைக்க வேண்டுமாம். அங்கிளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் மனைவியிடம் ஏன் சொன்னார்? பழக்கடையில் உண்மையான திராட்சைச் சாற்றை வாங்கிக்கொண்டு போனேன். பூசை முடிந்து அங்கிள் ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்தார். அவருடைய முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "இது நல்ல சாறு, பிள்ளை. அந்தத் தோட்டத்துக்காரனிட்டச் சொல்லும், அவன்ர சாறு பழுதாப் போச்சு எண்டு. குடிச்சுப்போட்டு வீடு வருமட்டும் எனக்குச் சிரிப்பு நிக்கேல்லை."

இரண்டு வருஷம் ஊரையெல்லாம் குடிக்கக் கூட்டிப்போய், குடித்தவர்கள் அனைவரும் தெளிவாக வீடுபோய்ச் சேர, ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை சுற்றியபடி வீட்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான்.