வழிக்காத நாக்கு

சீன மருத்துவம் படித்தவர்களுக்கு நாக்கு பிடித்துக் கொடுக்கப்போய், என் வேலைக்கே உலை வைத்துக்கொள்ள இருந்தேன்.

சீனப் பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாரிஸ் கிளையில் எனக்கு வேலை. ஸ்டாலின்கிராட் மெத்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடை. பாண்டிச்சேரிக்காரி என்பதால் பிரெஞ்சு தடையில்லாமல் வரும், செக்ரெத்தேராக, அதாவது அலுவலகச் செயலராக, எடுத்துக்கொண்டார்கள். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இயக்குநர் மதாம் மர்த்தேன் முடிவெடுக்க வேண்டிய வாரத்தில்தான் இறுதியாண்டு செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வு நடத்தச் சீனாவிலிருந்து பேராசிரியர் லின் அம்மையார் வந்திருந்தார்.

சீன மருத்துவத்தில் நாடி எவ்வளவு முக்கியமோ, நாக்கும் அவ்வளவு முக்கியம். அதன் நிறத்தையும் மேலே படிந்திருக்கும் மாவையும் பார்த்து உடம்பைக் கணிப்பார்கள். மாணவர்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு நாக்கு வேண்டும். “நம்ம ஆட்களைக் கூட்டிவருகிறேன்” என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலிலும் லா ஷப்பல் தமிழ்க் கடைகளிலும் சொல்லி, பதினொரு பேரைச் சேர்த்தேன். அவர்களிடம் சொல்லச் சொல்லி என்னிடம் தந்த அறிவுரைத் தாளில் மூன்று வரிகள். காபி குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, இரண்டையும் சொன்னேன். மூன்றாவது, நாக்கு வழிக்கக் கூடாது. தேர்வு வெள்ளிக்கிழமை. வெள்ளியும் அதுவுமாக நாக்கு வழிக்காமல் வாருங்கள் என்று பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

முதல் மாணவி பார்த்தாள்: சிவந்த நாக்கு, மாவே இல்லை, உள்ளே நீர் வற்றிவிட்டது என்று எழுதினாள். இரண்டாமவனும் அதையே எழுதினான். ஐந்தாவது நாக்கில் லின் அம்மையார் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார்.

“உங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் ஒரே நோயா?”

நான் வாய் திறப்பதற்குள், புறநகர் திரான்சியிலிருந்து வந்திருந்த ஈழத்துச் செல்வம் அண்ணை முந்திக்கொண்டார். “டொக்டரிட்டைக் காட்டப் போறனெண்டு ரெண்டு தரம் வழிச்சனான் பிள்ளை. வடிவா இருக்குத்தானே?”

அதை நான் பிரெஞ்சில் சொன்னதும் மதாம் மர்த்தேன் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தாளை லின் அம்மையாரிடம் நீட்டி, “மூன்றாவது வரியை நான்தான் சொல்லவில்லை” என்றேன்.

அவர் தாளைப் படித்தார், மாணவர்களைப் பார்த்தார். “இவர் சொல்லவில்லை, சரி. வழித்தீர்களா என்று நோயாளியிடம் நீங்கள் யாராவது கேட்டீர்களா?” ஒருவரும் கேட்டிருக்கவில்லை. “அப்படியானால் எல்லோருக்கும் நாளைக்கு இன்னொரு தடவை.”

மறுநாள் அவர்கள் வருவார்களா? அன்று மாலை ஒவ்வொருவரிடமும் போய், அந்த மூன்றாவது வரியைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு பேரும் வந்துவிட்டார்கள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. செல்வம் அண்ணை வழியெல்லாம் ஒருவரிடமும் பேசவில்லையாம். “உமக்காகத்தான் பிள்ளை, இப்பிடியொரு நாக்கோடை றோட்டிலை இறங்கினனான்” என்றார்.

தேர்வு நடந்தது. திங்கட்கிழமை மதாம் மர்த்தேன் என் நிரந்தர வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எந்தத் தாளையும் கடைசி வரிவரை, கூச்சமில்லாமல், சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் தேர்வன்று காலையில், நாக்கு வழிக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு போய், நாக்குக் காட்டுபவர்களின் வரிசையில் உட்காருகிறேன்.