வீடியோவில் இருந்தது என் கை அல்ல

அக்காள்மடத்து அன்பியச் செபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களே, தவக்காலத் தொடக்கத்தில் நீங்கள் எனக்காகக் கை தட்டினீர்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் குத்துகிறது.

நான் ராமநாதபுரத்தில் பிரசவம் பார்க்கும் படிப்பு படிக்கிறேன். பாதிப் பாடம் செல்போனில்தான். மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பதைப் பொம்மையில் பழகி, வீடியோ எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டும். கை மட்டும் தெரிந்தால் போதும். நான் பழகவில்லை. ரீல்ஸ் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. கடைசி நாளில் என் அறைத்தோழி முத்துலட்சுமியிடம் கெஞ்சினேன். உப்பூர்ப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டுப் பெண் அவள். கையுறை போட்டுக்கொண்டு அவள் செய்தாள். நான் என் பெயரில் அனுப்பினேன். வகுப்பில் முதலிடம் கிடைத்தது. அம்மா அதை உங்களிடம் காட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனோம். ஒரு காலையில் பிறந்த ஆண் குழந்தை அழவில்லை. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், அழவில்லை. தாய்க்கோ இரத்தம் நிற்கவில்லை. அங்கே போராடிக்கொண்டிருந்த நர்ஸ் சிஸ்டர் என் வீடியோவைப் பார்த்தவர். திரும்பாமலே சொன்னார்: "ஏ புள்ள, வீடியோல அம்புட்டு அழகாச் செஞ்சியே, பையை எடு."

எடுத்தேன். பையின் முனையிலிருந்த முகமூடி குழந்தையின் முகத்தில் பொருந்தவில்லை. காற்றெல்லாம் ஓரமாகப் போனது. குழந்தை நீலமாகக் கிடந்தது. மாதாவே, என் மானம் போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். அவ்வளவுதான் என் செபம். உடனே என் வாய் திறந்துவிட்டது.

"சிஸ்டர், அது என் கை இல்ல. முத்துலட்சுமி கை."

வாசல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி ஓடி வந்தாள். "இங்கன குடு" என்று பையை வாங்கினாள். தலையைச் சரிசெய்து வைத்தாள், அழுத்தினாள். பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்கியது. பிள்ளை அழுதான். தாயும் பிழைத்தாள்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "இன்னுங் கொஞ்ச நேரம் யோசிச்சிருந்தா என்னாயிருக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றும் தலை நிமிரவில்லை.

முதலிடத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் முத்துலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகிறாள். என் சொந்தக் கையால் செய்து அனுப்பிய வீடியோ மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறை தேறினேன்.

நம்பிக் கேளுங்கள், மாதா நமக்காகப் பரிந்து பேசுவாள். ஆனால் கேட்கும்போது உங்கள் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றச் சொல்லாதீர்கள். முத்துலட்சுமி இன்று என்னோடு வந்து, பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அன்று தட்டிய கையை இன்று அவளுக்குத் தட்டுங்கள்.