நூற்றெழுபதில் நின்ற பாதரசம்

இஸ்மாயிலியாவில் நான் விரல் வைத்துப் பார்க்காத நாடி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊர்க் கால்வாயில் போகும் கப்பல்களுக்கு நாடி இருந்தால் அதையும் பிடித்துப் பார்த்திருப்பேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஆனால் ரயிஸ் பயூமியின் நாடி விஷயத்தில் கலப்படம் கிடையாது.

பயூமி இழுவைப் படகு ஓட்டுபவர். படகின் தலைவரை இங்கே ரயிஸ் என்போம். மலைபோல வரும் கப்பலைத் தன் சின்னப் படகால் முட்டி நேராக்குவது அவருடைய இருபத்தாறு வருஷத் தொழில். அந்தக் கோடையில் உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தம் நூற்றெழுபது என்று வந்தது. கரைக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவையும் பாதரசம் அங்கேயே நின்றது. மூன்றாவது பரிசோதனை ஆறு வாரத்தில். நூற்று நாற்பதுக்குள் வராவிட்டால் ஓய்வு பெறும்வரை கயிற்றுக் கிடங்கில் உட்கார வேண்டியதுதான்.

மனிதர் மாத்திரை தவறவில்லை. உப்பு மீனையும் ஊறுகாயையும் விட்டார், டீயைக்கூட விட்டார். மாலையானால் மொட்டை மாடியில், கால்வாய் வந்து கலக்கும் திம்ஸா ஏரியைப் பார்த்தபடி நிற்பார். சங்கு ஊதினால் எந்தப் படகென்று சொல்வார். அவர் அறியாமலே கைகள் காற்றில் சுக்கானைத் திருப்பும்.

பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் தினமும் அவருக்கு அழுத்தம் பார்ப்பேன்.

“இந்த இரத்தக் குழாய்க்குள்ள என்னதான் நடக்குது ஹக்கீமா?” என்றார் ஒருநாள். இங்கே நர்ஸுக்கு அதுதான் பெயர்; நான் வேலையை விட்ட பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“அது சும்மா கெடக்குற ரப்பர் குழாய் இல்ல ரயிஸ். சுவர்ல தசை இருக்கு, சுருங்கும், விரியும். நீங்க படுக்கையிலேர்ந்து எந்திரிச்சதும் இரத்தம் காலுக்கு எறங்கப் பாக்கும். கழுத்துக் குழாய்ல ஒரு காவல்காரன் இருக்கான். அவன் மூளைக்குச் சேதி அனுப்புவான். மூளை குழாய இறுக்கி, இதயத்த முடுக்கிவிடும். இல்லன்னா தெனமும் கட்டிலடியிலதான் விழுந்து கெடப்பீங்க.”

“அப்ப என் காவல்காரன் தூங்குறானா?”

“அவன் அந்தந்த நிமிஷத்துக்குத்தான். நாள்கணக்குல பாத்துக்கறது சிறுநீரகம். அது உப்பப் பிடிச்சு வெச்சா தண்ணியும் கூடவே தங்கிடும். குழாய்ல சரக்கு கூடும், அழுத்தம் ஏறும்.”

“நான்தான் உப்பே தின்னலையே.”

“ஆமா, பொஞ்சாதி சமையல்ல உப்பில்லன்னு குத்திக் காட்டுறத மட்டும்தான் விடல,” என்றாள் அவர் மனைவி இன்ஸாஃப், கோப்பைகளை நீட்டியபடி.

அதிமதுரத் தண்ணீர். டீ போன இடத்துக்கு அதுதான் வந்திருந்தது. வேர்ப் பொடியைப் பிசறி, துணியில் கட்டித் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி இறக்குவாள். கறுப்பாக, நுரை தள்ளி நிற்கும். வெயிலில் அதைக் குடிக்காத வீடு எங்கள் ஊரில் ஏது? குளிர்ச்சி, வயிற்றுக்கு நல்லது என்று அவருக்கு நாளைக்கு ஐந்தாறு பெரிய கோப்பை. என்ன குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, “தண்ணிதான்” என்றிருக்கிறார். பொய்யில்லை. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் ஒரு கையால் அவருக்குப் பட்டையைச் சுற்றி, மறு கையால் குடித்துக்கொண்டுதானே இருந்தேன். இரண்டு கோப்பைக்குக் குறைந்து இன்ஸாஃப் என்னை எழுந்திருக்க விட்டதில்லை.

மூன்றாம் வாரமும் பாதரசம் இறங்காததால் பயூமிக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு.”

கெட்டிருக்கிறதா பார்க்கலாம் என்று பட்டையை என் கையிலேயே சுற்றிக் காற்றடித்தேன். நூற்றிருபதைத் தாண்டியே அறியாத எனக்கு நூற்றைம்பத்தெட்டு! மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. குனிந்து அவர் கணுக்காலை அழுத்தினேன்; விரல் பதிந்த இடம் பள்ளமாகவே இருந்தது. நான் தின்பது எதுவும் மாறவில்லை. தினப்படிக்குப் புதிதாக வந்து சேர்ந்தது ஒன்றுதான், அது இரண்டு பேர் கையிலும் இருந்தது.

வீட்டுக்கு ஓடிப் பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டினேன். எழுதியிருந்தது: அதிமதுரம் அளவு மீறினால் சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். படித்தவள் நானே படித்ததை விழுங்கிவிட்டிருக்கிறேன், நுரையோடு.

அடுப்படிக்குப் போனேன். “இன்ஸாஃப், இத நிறுத்து. இன்னும் மூணு வாரம் இருக்கு. அவரு படகு ஏறிடுவாரு.”

அவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

“கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கோடையிலதான் அக்கா, நாங்க தெனமும் ஒண்ணா உக்காந்து ரொட்டி பிச்சுத் தின்னோம்,” என்றாள். “ஏரியப் பாக்குறாரே, அந்தப் பார்வையில பாதி என் பக்கம் திரும்பினாப் போதும்னு இருக்கும்.”

நான் கோப்பைகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

பரிசோதனையில் நூற்று முப்பத்தெட்டு. மனிதர் அங்கிருந்தே படகுத்துறைக்குப் போய்விட்டார். இன்ஸாஃப் வாத்து வறுத்து வைத்திருந்தாள். அவளும் நானுமாகத் தின்றோம். வாத்தின் கழுத்தையும் தொடையையும் அவருக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மறுநாள்தான் வருவார் என்று நினைவு வந்து, தொடையை என் தட்டில் போட்டாள்.

நான் சொன்ன அன்றைக்கே வேர்ப் பொடியைக் குப்பையில் கொட்டி, புருஷனைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்தவள் அவள் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, பக்கத்தில் பச்சை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவளுக்கே படித்துக் காட்டினேன்.

“அன்னைக்கே இல்ல அக்கா,” என்றாள் இன்ஸாஃப். “நாலு நாள் கழிச்சுத்தான் கொட்டினேன்.”