கதவு தட்டின படம்

ஈரச்சாக்கின் மணம் எங்கேயாவது மூக்கில் பட்டால், எனக்கு இன்றைக்கும் பாதியிலே விட்டு ஓடின ஒரு படம் ஞாபகம் வரும்.

கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சண்டைக் காலம் அது, பிள்ளைகளே, மின்சாரம் இல்லை. இரவில் வெளிச்சம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்பதால் பகலிலேதான் படம் ஓடும். செல்வமண்ணை வீட்டு நடு அறையின் யன்னல்களில் சாக்கை நனைத்து அடித்து, பிந்தி வருகிறவர்கள் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடாமல் கதவுக்குத் "திறாங்கு" என்கிற தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஊரில் பாதிப்பேர் முழங்காலோடு முழங்கால் இடிபட்டு, வியர்த்து ஒழுகிக்கொண்டு இருப்போம். ரீவியில் முதலில் ஒரு சாமிப் படம், பிறகுதான் மற்றப் படம். பின்வளவில் மண்ணெண்ணெயில் ஓடும் "ஜெனறேற்றர்" போடுகிற சத்தத்தில், தலைக்கு மேலே குண்டு போடும் விமானம் வந்தாலும் உள்ளே கேளாது. ஆகவே யாராவது ஒருவர் தள்ளிப் போய் வாசல் படலையடியில் இருந்து, வானத்துக்குக் காது கொடுக்கவேண்டும்.

அந்த ஒருவர் எங்கள் அப்பா. சைக்கிளில் மரக்கறி கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்கிறவர். படச் செலவுக்கு வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். எங்களுக்கு அதற்கு வழியில்லை. அப்பா தானாகவே அந்தக் காவலைக் கேட்டு எடுத்தார். அவர் வெளியே இருந்தால் அம்மாவும் நானும் தங்கச்சியும் உள்ளே இருக்கலாம்.

"அண்ணைதான் எங்கடை ராடர்!" என்று செல்வமண்ணை பகிடி விடுவார். அப்பா சிரித்துக்கொண்டு தன் சால்வையை உதறி விரித்து அதிலே இருப்பார். எத்தனையோ படம் ஓடியும் அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு இரண்டாவதாக ஓடினது, வாடகை கட்ட முடியாத ஒரு பட்டணத்துக் குடும்பத்தின் கதை. தகப்பன் ஒரு கிடங்குக்குக் காவல்காரனாகப் போகிறான். போன இடத்தில் ஒரு கொலையைக் கண்டுவிடுகிறான். கொலைகாரர் அவனைத் தேடி அலைய, வீட்டிலே தாயும் இரண்டு பிள்ளைகளும் விளக்கை நூத்துவிட்டு ஒற்றை அறைக்குள் பதுங்கி இருக்கிறார்கள். பின்கதவை வீட்டுக்காரன் வாடகைக்காகப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டான். முன்கதவு ஒன்றுதான் மிச்சம். பேய்ப் படம் எனக்குப் பெரிய பயமில்லை. பேய் வந்தால் ஓடலாம் என்று நினைப்பேன். இந்த ஆட்கள் எங்கே ஓடுவது? எங்களைப்போல வெறுஞ்சோறு தின்கிற குடும்பம் என்றபடியால், அவர்களோடு நானும் அந்த அறைக்குள்ளேயே அகப்பட்டிருந்தேன்.

அப்போது படத்தில் கதவு தட்டப்பட்டது. வந்தது தகப்பனா, கொலைகாரனா? "திறக்காதே!" என்று அந்தத் தாய் பிள்ளையைப் பிடித்து இழுத்தாள். மேளமும் வயலினும் அறையை அதிரவைத்தன. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மாமியும், "திறவாதை பிள்ளை, திறவாதை!" என்று கெஞ்சத் தொடங்கினா.

தங்கச்சிக்கு அப்போது கதை விளங்குகிற வயதில்லை. புழுக்கம் தாங்காமல் கதவடியில் படுத்து, கீழ் நீக்கலால் வருகிற காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தவள், "அப்பா நிக்கிறார்" என்றாள்.

"ஓமடி, கொப்பர்தான் வந்திருக்கிறார், அந்தப் பொம்பிளைக்குச் சொல்லு!" என்று ஒருவர் சொல்ல, அந்தப் பயத்துக்குள்ளும் எல்லாரும் சிரித்தார்கள்.

"எங்கடை அப்பா. நகமில்லாத கால்விரல் தெரியுது."

அம்மா நிமிர்ந்தா. படத்தில் தட்டுவது நின்றுபோய் அந்தத் தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. "ஐயோ, அது எங்கடை கதவு!" அம்மா ஆட்களை மிதித்துக்கொண்டு போய்த் திறாங்கை இழுத்தா. கண் கூசுகிற வெயில். அதற்குள் அப்பா. "ஓடுங்கோ! மேலே சுத்துறான், ஓடுங்கோ!"

வளவு மூலையில் பனங்குற்றி அடுக்கி மூடின பதுங்குகுழியான "பங்கருக்குள்" ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். குண்டு எங்கேயோ வயல்பக்கம் விழுந்தது. எங்கள் தலையில் மண் மட்டும் கொட்டிற்று. அந்த இருட்டில் அப்பாவின் கை என் கன்னத்தில் பட்டது. கதவைத் தட்டித் தட்டி விரல் மொளிகள் தோல் உரிந்து பிசுபிசுத்தன. அவர் யாரையும் ஏசவில்லை.

"உள்ளுக்கை ஒரு பொம்பிளை திறக்காதை எண்டு கத்தினது, ஆரது?" என்று மட்டும் கேட்டார்.

"அது படத்திலை, அண்ணை," என்றார் செல்வமண்ணை. மாமி வாயே திறக்கவில்லை.

அப்பா திரும்பவும் கேட்டார். "பாவம். பிறகு அவவுக்கு என்ன நடந்தது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் திரும்பிப் போனபோது, ஆளில்லாத அறையில் படம் தன்பாட்டில் ஓடி முடிந்து, திரையில் வெள்ளைப் புள்ளி மழையாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட எண்ணெயும் இல்லை; வீடியோக் கொப்பியை வாடகைக்குத் தந்தவர் அன்று பின்னேரமே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது பங்கர் இருந்த இடத்தில் வாழை நிற்கிறது. செல்வமண்ணை வீட்டு யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. அப்பாவும் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே போய்விட்டார். வசதியில்லாத குடும்பம் ஒன்று இக்கட்டில் அகப்படுகிற படங்கள் இப்போதும் புதிது புதிதாய் வருகின்றன. என் பிள்ளைகள் கதவைச் சாத்தி, சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்ப்பார்கள். நானும் கூட இருப்பேன். படத்தில் யாராவது கதவைத் தட்டினால் எழும்பிவிடுவேன்.

"அப்பா, அது ரீவியிலை தட்டுறாங்கள்!" என்று மகள் சிரிப்பாள்.

"ஓம், தெரியும்," என்பேன். தெரிந்துகொண்டும், ஒருக்கால் போய் எங்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவேன்.