பூனைய போன்ல காட்டின ஞாயித்துக்கெழம

ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லியா? அவங்கவங்க பட்டு வெல இன்னா, தங்கம் வெல இன்னான்னு கேட்டுகினு வர்றாங்க. நீ எம்பூனை வயித்துல இருக்கற தையல பத்தி கேக்கற. கேட்டுட்டு போயி உன் மாமியார்கிட்ட சொல்லி சிரிக்கத்தானே? சரி, குந்து. பாதில எழுந்து போனா மீதிய சொல்ல மாட்டேன்.

அத பூனைன்னு சொல்லாத. எங்க வூட்டுல வேலைக்கி இருக்கற ஆளு அது. தறி இருக்கற வூட்டுல எலி ஒரு ராத்திரி பாவு நூலுல வாய வச்சா போதும், பொடவை போச்சு. எம்பையன் தறில குந்தி நெய்யறான், மருமவ தார் குச்சில பட்டு நூல சுத்தறா, பூனை எலி புடிக்கிது. சும்மா குந்தி சோறு துன்றது நான் ஒருத்திதான்.

அந்த ஆளு திடீர்னு சாப்பாட்ட வுட்டுச்சு. வெறும் நொரையா வாந்தி. தறி குழிக்குள்ள எறங்கி முதுக கூனிகினு படுத்துச்சு. கூப்ட்டா காது கூட ஆடல. அன்னிக்கி ஞாயித்துக்கெழம, மாட்டாஸ்பத்திரி மூடிகெடக்குது. நான் வெளக்கெண்ண பாட்டில தொறந்துட்டேன். மருமவ என் கைய புடிச்சா.

"இருங்கத்தே. இப்ப போன்லயே டாக்டருங்க பாக்கறாங்களாம்."

"பூனை போன்ல இன்னாடி பேசும்?"

அவ கேக்கல, போட்டுட்டா. போன்ல ஒரு பொண்ணு மூஞ்சி வந்துச்சு, எம்பேத்தி வயசுதான் இருக்கும். மெட்ராஸாம். வந்ததும் பேரு சொல்லிச்சு, ரிஜிஸ்டர் நம்பர் சொல்லிச்சு.

"நம்பரெல்லாம் எதுக்கும்மா? நான் இன்னா உன்ன பொண்ணு கேக்கவா வந்திருக்கேன்?"

"நான் நெஜ டாக்டர்தானான்னு உங்களுக்கு தெரியணும்ல பாட்டி. இன்னொண்ணு, போன்ல பாத்தா எல்லாம் தெரியாது. அது தெரிஞ்சும் பாக்க சொல்றீங்களா? உங்களுக்கு சம்மதமா?"

"எங்கல்யாணத்துல கூட என்ன ஒருத்தரும் இப்டி கேக்கலம்மா. சம்மதம். ஜல்தியா ஒரு மருந்து சொல்லு."

அது சொல்லல. பூனைய பாக்காம எழுத கூடாதாம். வெளிச்சத்துல தூக்கி காட்டுங்க, ஈறு காட்டுங்க, வயித்த காட்டுங்கன்னுது. எனக்கு பேஜாரா போச்சு. மெடிக்கல் கடைக்காரன் மூஞ்சியே பாக்காம மாத்திரை குடுக்கறான், இவ இன்னாடான்னா பூனைய பொண்ணு பாக்க வந்த மாரி திருப்பி திருப்பி காட்ட சொல்றா. கடைசியா, "வாய தொறந்து நாக்க மேல தூக்குங்க"ன்னா. பையன் தூக்கினான்.

நாக்குக்கு அடில அரக்கு கலர்ல ஒரு இழை. பட்டு. மருமவ சுத்துன தார உருட்டி வெளையாடி இருக்குது, நூல முழுங்கிடுச்சு. நாங்க மூணு பேரு, ஆறு கண்ணு, ஒருத்தருக்கும் தெரியல.

தறிக்காரன் கையி எப்டின்னு உனக்கே தெரியும். இழை தொங்கினா இழுக்கும். எம்பையன் வெரலு ரெண்டும் அதும்மேல போயிடுச்சு.

"அண்ணா, கைய எடுங்க." அந்த பொண்ணு கத்தல. ஆனா அது சொன்ன தினுசுல எங்கையும் சேந்து பின்னால வந்துச்சு. "ஒரு முனை நாக்குல மாட்டியிருக்கு. இன்னொண்ணு கொடலுக்குள்ள போயிருக்கும். இழுத்தா நூலு கொடல அறுத்துடும். எண்ணெயும் ஊத்தாதீங்க, தண்ணியும் வேணாம்."

நான் பாட்டில முந்தானைக்குள்ள வச்சிட்டேன்.

"சரிம்மா, மருந்து?"

"எழுத முடியாது பாட்டி. இது போன்ல முடிக்கற கேஸ் இல்ல, டாக்டர் நேர்ல கை வச்சி பாக்கணும். அதான் எங்க ரூல்."

"மெடிக்கல்ல போட்டோ காட்டினா குடுத்துடுவான்."

"அவர் குடுப்பாரு. நான் குடுத்தா மொதல்ல ஒரு நம்பர் சொன்னேனே, அது போயிடும்."

பூனை என் மடில கெடக்குது. ஒடம்பு சில்லுனு இருக்குது. இவ போன வச்சிட்டா அவ்ளோதான், நான் எங்க போவேன்? ஆனா எனக்கு பள்ளிக்கூடம் இல்லன்னாலும் வாயி இருக்குது.

"ஏம்மா, மருந்து எழுத கூடாதுன்னு ரூல் இருக்குது, சரி. எங்கள இப்டியே அம்போன்னு வுட்டுட்டு போலாம்னு ரூல் இருக்குதா?"

அந்த பொண்ணு சிரிச்சிடுச்சு. "இல்ல பாட்டி. பக்கத்துல நேர்ல பாக்கற டாக்டர்கிட்ட அனுப்பி வைக்கணும்."

"அப்ப அனுப்பு. அனுப்பற வரைக்கும் நான் போன வைக்க மாட்டேன். என் மூஞ்சிய பாத்துகினே தேடு."

தேடிச்சு. ஆரணி டாக்டர் ஒருத்தரு, சந்தவாசல் கிராமத்துல மாட்டுக்கு கன்னு எடுத்துகினு இருந்தாரு. அவர போன்ல புடிச்சி, நூலு படத்த அனுப்பி, இன்னா பண்ணணும்னு ரெண்டு பேரும் பேசிகினாங்க. அவரோட ஆஸ்பத்திரி வாசல்ல நாங்க ஆட்டோல போயி எறங்கறோம், அவரும் வண்டிய நிறுத்தறாரு. கைல சாணி வாசன கூட போவல.

மயக்க ஊசி போட்டு, நாக்குல இருந்த முடிச்ச வெட்டி, வயித்த தொறந்து எடுத்தாரு. தட்டுல போட்டு காட்டினாரு. எம்பையன் குனிஞ்சி பாத்து, "இது என் பார்டர் நூலு"ங்கறான்.

"வேணுமா?"ன்னாரு டாக்டர்.

அப்பறம் சொன்னாரு, "நீங்க இழுக்காம கொண்டாந்தீங்க. அதான் பொழச்சுது."

பொழச்சதா? தையல் பிரிச்ச வாரமே இம்மாம்பெரிய எலிய கவ்வியாந்து என் காலு மேல போட்டுச்சு. நான் அந்த மெட்ராஸ் பொண்ணுக்கு போன் போட்டு பூனையயும் காட்டினேன், எலியயும் காட்டினேன். "எலிய பாக்கறதுக்கும் சம்மதம் கேக்கணுமா?"ன்னேன். "வேணாம் பாட்டி"ன்னுது. "பாட்டின்னு சொல்லாத, வயசாயிட்ட மாரி இருக்குது. ஆயான்னு கூப்டு"ன்னேன்.

எலி புடிச்ச அன்னிக்கி சாயந்தரம் தெருவே எங்க வூட்டு வாசல்ல. எதிர்வூட்டுக்காரி கேக்கறா, "வைத்தியம் பாத்தது ஆரணி டாக்டரு. போன்ல வந்தவ ஒரு மாத்திரை கூட எழுதல. அவ இன்னாத்த கிழிச்சா?"

"எழுதியிருந்தா நான் மாத்திரைய குடுத்துட்டு தூங்கியிருப்பேன், பூனை பொணமாயிருக்கும்"னேன். "எழுத மாட்டேன்னு சொல்ல ஒருத்தி இருந்தா. அவள வுடாம புடிச்சிக்க நான் இருந்தேன். ரெண்டு பேருக்கும் பாதி பாதி."

அவ மெதுவா போன நீட்டறா, பொண்ணுக்கு பாத்திருக்கற மாப்ள படமாம், போளூர் பையனாம். எப்டி இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லணுமாம்.

"இது போன்ல முடிக்கற கேஸ் இல்லடி"ன்னேன். "நேர்ல கூட்டியா. வெளிச்சத்துல நிக்க வச்சி, வாய தொறந்து காட்ட சொல்லு. அப்பறம் சொல்றேன்."