பருவகால வேலையின்மைக்கு உள்ளூர் உதாரணம்

காலையில் கீரனூரிலிருந்து கல்லூரிக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டில் என் மாணவிகள் இருவர். நான் பின்னால் இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ஏதாவது ஒரு பொருளாதாரப் பிரச்சினைக்கு நம் ஊரிலிருந்தே உதாரணம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றித்தான் பேச்சு.

"பருவகால வேலையின்மைக்கு எல்லாரும் நடவு, அறுப்புன்னுதான் எழுதுவாங்க. நான் நம்ம சாரை எழுதிட்டேன்டி."

"அவரையா?"

"கெஸ்ட் லெக்சரர்தானே? மே மாசம் சம்பளம் கெடையாது. ஜூன்ல கூப்பிட்டாத்தான் வேலை."

பதினேழு வருடத்தை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை. சிரிப்புகூட வந்தது.

"அப்ப அது தப்புடி. எங்க அண்ணி காலேஜ் ஆபீஸ்லதானே இருக்காங்க. இந்த வருஷம் எகனாமிக்ஸ்ல ஏழு பேருதான் சேந்துருக்காங்களாம். வர்ற ஜூன்ல டிபார்ட்மெண்ட்டையே மூடிருவாங்களாம். திரும்ப வேலை கெடைச்சாத்தானே பருவகாலம்?"

அவர்கள் இறங்கிப்போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

வகுப்பில், என்னை எழுதியவள் கொடுத்த தாளில் தலைப்பை அடித்துவிட்டு 'அமைப்புசார் வேலையின்மை' என்று மாற்றியிருந்தாள். வேலையே இல்லாமல் போய்விடுவதற்கு அதுதான் பெயர். நான் நடத்திய பாடம். சரியான விடை.

மதிப்பெண் போடாமல் தாளைப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் என்னை யார் கூப்பிடுவார்கள்?

என்னோடு படித்து, மாமனார் தயவில் வேலை நிரந்தரமான எங்கள் துறைத்தலைவரும் இங்கே முகநூலில் நண்பர்தான். துறையை மூடப்போவது அவருக்குத் தெரியாமல் இருக்காது. வழக்கம்போல் லைக் போட்டுவிட்டுப் போகாமல், அந்தப் பெண் தலைப்பை மாற்றியது சரியா என்று ஒரு வரி எழுதட்டும்.